ஏரிக்கரையில் கூடாரம்

வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனால் நாம் எத்தனை கேள்விகள் கேட்கிறோம்! குழாயில் ஜலம் எத்தனை மணிக்கு வரும்? கிணறு வற்றுமா? மழை பெய்தால் கூரை ஒழுகுமா? அண்டை வீட்டார் எப்படிப்பட்டவர்கள்? வைத்தியர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? இவ்வளவும் விசாரித்த பிறகும், வீட்டு அம்மாள் சமையலறையை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுத்தான் தலையை அசைப்பாள். ஆனால் அதே குடும்பம் நாலு நாள் விடுமுறையில் காட்டுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கப் புறப்பட்டால், "ஏரி வெகு அழகாயிருக்கிறதாம்" என்ற ஒரே வார்த்தையுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. வீட்டுக்காவது நாலு சுவரும் ஒரு கூரையும் உண்டு. கூடாரத்துக்கு இருப்பதெல்லாம் ஒரு துணி! ஆகையால் வீட்டுக்குக் கேட்பதைப்போல் இரண்டு மடங்கு கேள்விகளைக் கூடாரத்துக்குக் கேட்பதுதான் நியாயம்.

அந்தக் கேள்விகள் எவை என்பதை ஓர் உண்மையான பிரதேசத்தை எதிரில் வைத்துக்கொண்டு பார்ப்போம். நம்மில் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளும் பெண்களும் இன்று அமெரிக்காவில் நியூயார்க், நியூஜெர்ஸி பக்கங்களில் உத்தியோகம் செய்கிறார்கள். கோடையில் பெற்றோர்கள் அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கி வருவதும் வழக்கமாகிவிட்டது. நியூயார்க் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 280 மைல் போனால் மலையும் காடும் ஏரியுமாக ஒரு பெரும் பிரதேசம் இருக்கிறது. அதன் பெயர் அடிராண்டாக். பேரக் குழந்தைகளையும் தாத்தா பாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போக விரும்புகிறவர்களுக்கு இக்கட்டுரை பயன்படலாம். போகாதவர்களுக்கும், ஒரு காட்டை ஜனங்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்ற கதையாவது மிஞ்சும்.

காடு யாருடையது?

அடிராண்டாக் வனப் பூங்காவின் எல்லைக்குள் அடங்கிய பரப்பு சுமார் 60 லட்சம் ஏக்கர். அதில் ஏரிகளும் குளங்களும் மாத்திரம் 3,000-க்கு மேல். மலைகளுக்குள் உயர்ந்தது மார்ஸி சிகரம். அதன் உயரம் 5,344 அடி. அந்தச் சிகரத்தின் சரிவில் மிகச் சிறிய ஏரி ஒன்று உண்டு. "மேகங்களின் கண்ணீர்" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நியூயார்க் நகரின் வானளாவிய மாளிகைகளைத் தொட்டுக்கொண்டு போய்க் கடலில் கலக்கும் ஹட்ஸன் மகாநதி அந்தச் சிறு ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது என்பதை வெர்ப்ளாங்க் கால்வின் என்ற சர்வேயர் 1872-ல் கண்டறிந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் காட்டுக்குப் பெரிய ஆபத்து வந்தது. மர வியாபாரிகள் கோடரியுடன் நுழைந்தார்கள். தோல் பதனிடுவதற்காக ஹெம்லாக் என்னும் மரத்தின் பட்டையை உரித்தெடுத்தார்கள். மலைகள் மொட்டையாகத் தொடங்கின. மரத்தை வெட்டினால் மலை நீரைத் தேக்கி வைக்காது, ஆறுகள் ஒரு மாதம் வெள்ளமாகவும் மறுமாதம் மணலாகவும் ஆகிவிடும் என்று ஜார்ஜ் பெர்க்கின்ஸ் மார்ஷ் என்ற அறிஞர் 1864-ல் ஒரு நூல் எழுதி எச்சரித்தார். ஹட்ஸன் நதியிலும் ஈரி கால்வாயிலும் சரக்குப் படகு விட்டுக்கொண்டிருந்த வியாபாரிகளின் காதில் இது விழுந்தது. தர்ம நியாயத்துக்காகத் திரும்பாத மனங்களும் ஜலம் குறைந்துவிடும் என்ற பயத்தால் திரும்பின!

1885-ல் சர்க்கார் நிலங்களை வனக் காப்பு நிலமாக்கும் சட்டம் பிறந்தது. 1892-ல் பூங்காவின் எல்லை வகுக்கப்பட்டது. அதுவும் போதாதென்று, 1894-ல் நியூயார்க் ராஜ்யத்தின் அரசியல் சட்டத்திலேயே ஒரு விதியைச் சேர்த்தார்கள். அந்த நிலம் என்றென்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும். அதை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதிலுள்ள மரத்தை விற்கவோ அப்புறப்படுத்தவோ அழிக்கவோ கூடாது என்பது விதி. அதை மாற்ற வேண்டுமானால், அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு சட்டசபைகள் சம்மதிக்க வேண்டும். பிறகு ஜனங்களிடம் ஓட்டுக்கு விட வேண்டும். ஒயிட்ஃபேஸ் என்ற மலையின் உச்சிக்கு ஒரு சாலை போடுவதற்காக 1927-ல் ராஜ்யம் முழுவதும் ஓட்டெடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குப் பூங்காவில் ஏறக்குறைய பாதி தனியாருடையது. அதில் ஊர்களும் தோட்டங்களும் இருக்கின்றன. சுமார் 26 லட்சம் ஏக்கர் பொது ஜனங்களின் சொத்து. ஆகவே அங்கே கூடாரம் அடிக்கிறவர் ஒரு ஹோட்டல் முதலாளியின் வாடிக்கைக்காரர் அல்ல. ஒரு ராஜ்யத்து ஜனங்கள் அனைவருடைய விருந்தாளி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், இடம் தேர்ந்தெடுக்கும் முறையே வேறாகிவிடும்.

முர்ரேயின் முட்டாள்கள்

தேர்ந்தெடுக்கத் தெரியாமல் போனவர்களின் சரித்திரமும் இந்தக் காட்டுக்கு உண்டு. வில்லியம் முர்ரே என்ற பாஸ்டன் நகரத்துப் பாதிரியார் 1869-ல் அடிராண்டாக் வனவாசத்தைப் புகழ்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். அது விற்ற வேகத்தைச் சொல்லி முடியாது. அந்த வருஷக் கோடையில் பட்டணத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். நோயாளிகளும் போனார்கள். தங்குவதற்கு அறை இல்லை, வழிகாட்டுவதற்கு ஆள் போதவில்லை, மேலே மழை, சுற்றிலும் கடிக்கும் ஈக்கள். நொந்துபோய்த் திரும்பிய அந்தப் பிரயாணிகளுக்கு "முர்ரேயின் முட்டாள்கள்" என்ற பட்டம் கிடைத்தது.

இதற்குப் பதினொரு வருஷம் முந்தி அதே காட்டுக்கு வேறொரு கோஷ்டி போயிருந்தது. நம்முடைய உபநிஷதங்களில் ஈடுபாடு கொண்ட எமர்ஸன், விஞ்ஞானி அகாஸி, கவிஞர் லோவெல் முதலியவர்கள் 1858-ல் ஃபாலன்ஸ்பி என்ற ஏரிக்கரையில் முகாம் போட்டார்கள். எமர்ஸன் கையில் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், "யாராவது சுடப்பட்டுவிடுவார்கள்" என்று பயந்து கவி லாங்ஃபெல்லோ வர மறுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. ஆனால் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. காரணம், ஸ்டில்மன் என்ற ஓவியர் முன்கூட்டியே போய், காடறிந்த உள்ளூர் வழிகாட்டிகளைக் கொண்டு இடம் பார்த்துக் குடிசை போட்டு வைத்திருந்தார். அந்த ஞானிகளுக்கும் முர்ரேயின் ஜனங்களுக்கும் வித்தியாசம் ஞானத்தில் இல்லை. முன்னதாக விசாரித்ததில்தான் இருக்கிறது.

நாலு வகை இடங்கள்

இப்போது அங்கே கூடாரம் அடிப்பதற்கு நாலு வகை இடங்கள் உண்டு.

முதலாவது, கார் போய் நிற்கும் சர்க்கார் முகாம்கள். அடிராண்டாக், காட்ஸ்கில் என்ற இரண்டு வனப் பூங்காக்களிலுமாக இவை சுமார் 50 இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மனையைப்போல் இடம் அளந்து எண் போட்டு, ஒரு மேஜையும் நெருப்பு மூட்ட ஒரு வளையமும் வைத்திருப்பார்கள். பொதுவாக ஒரு மனைக்கு ஆறு பேர் வரையில்தான் அநுமதி. குடிதண்ணீரும் கழிப்பறையும் கிட்டத்தில் இருக்கும்; பலவற்றில் வெந்நீர் ஸ்நான அறையும் உண்டு. ஃபிஷ் கிரீக் பாண்ட் என்ற முகாமில் சுமார் 350 மனைகள். பெரும்பாலானவை நீரோரத்திலேயே அமைந்தவை. குழந்தைகளுக்குத் திருவிழாதான்! அதற்கு அடுத்தாற்போல் உள்ள ராலின்ஸ் பாண்ட் முகாம் சற்று அமைதியானது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை சத்தம் போடக்கூடாது என்பது எல்லா முகாமுக்கும் விதி.

இரண்டாவது, நடந்தோ படகிலோ மட்டும் போகக்கூடியவை. ஃபோர்க்ட் லேக் என்ற முகாமில் பெரும்பாலான இடங்கள் இப்படிப்பட்டவை. சாரனாக் ஏரித் தீவுகளுக்கும், 32 மைல் நீளமுள்ள ஜார்ஜ் ஏரியின் தீவுகளுக்கும் படகைத் தவிர வேறு வழி கிடையாது. தீவில் கிடைக்கும் ஏகாந்தம் அபூர்வமானது. ஆனால் மறந்துபோன உப்புப் பொட்டலத்துக்காகத் திரும்பவும் துடுப்புப் போட வேண்டும்.

மூன்றாவது, வழிநடைப் பாதைகளிலும் ஏரிக்கரைகளிலும் உள்ள சாய்ப்புகள். உருட்டு மரங்களை அடுக்கி, மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமாகக் கட்டியிருப்பார்கள். கட்டணம் இல்லை, முந்தி வந்தவருக்கு இடம். பிந்தி வருகிறவர் நனைந்துகொண்டு நின்றால், இடம் இருக்கும் வரையில் அவரையும் உள்ளே அழைத்துக்கொள்வது மரியாதை மட்டுமல்ல, வழக்கமும் அதுதான்.

நாலாவது, திறந்த காடு. பொது நிலத்தில், சாலையிலிருந்தும் பாதையிலிருந்தும் நீரிலிருந்தும் 150 அடி விலகி யார் வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம். அதற்கு உட்பட்ட தூரத்தில், சர்க்கார் அடையாள வில்லை அடித்த இடத்தில் மட்டுமே தங்கலாம். ஒரே இடத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் தங்குவதானாலும், பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வருவதானாலும் வனக் காவலரிடம் அநுமதிச் சீட்டு வாங்க வேண்டும். படகோட்டத் தெரிந்தவர்களுக்கென்றே செயின்ட் ரீஜிஸ் என்ற பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. குளத்துக்குக் குளம் தோணியைத் தோளில் சுமந்து போகலாம். மோட்டார் படகுக்கு அங்கே இடமில்லை.

யாரை வைத்துத் தீர்மானிப்பது?

இந்த நாலில் எது சிறந்தது என்று கேட்டால் பதில் இல்லை. யார் போகிறார்கள் என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும். குடும்பத்தில் மிகவும் பலசாலி யாரோ, அவர் இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மாப்பிள்ளை மார்ஸி சிகரத்தில் ஓடி ஏறக்கூடியவராயிருக்கலாம். ஆனால் அவருடன் முழங்கால் வலியுள்ள மாமியாரும் மூன்று வயதுக் குழந்தையும் வருகிறார்கள். கூட்டத்தில் பலம் குறைந்தவர் யார் என்று பார்த்து, அவருக்குத் தகுந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால், பலசாலிக்கு அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. அதிகாலையில் எழுந்து எந்த மலைக்கு வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம். பலசாலிக்குத் தகுந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலோ, மற்றவர்கள் எல்லோரும் நாலு நாளும் அவரைச் சபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே வயதானவர்கள் வந்தால் முதற் கேள்வி, இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போகும் வழி எப்படி என்பது. மிகக் கிட்டத்தில் இருந்தால் ராத்திரி முழுவதும் விளக்கும் நடமாட்டமும் தூக்கத்தைக் கெடுக்கும். மிகத் தூரமாயிருந்தால் வேர் தடுக்கிவிடும். முகாமின் வரைபடத்தைப் பார்த்து, நடுத்தரமான தூரத்தில் சமவழியுள்ள மனையாகக் கேளுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் நீரோர மனை வேண்டாம். படம் எடுக்க அது அழகுதான். ஆனால் தாயார் ஒரு நிமிஷங்கூடக் கண்ணயர முடியாது. ஏரியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது வரிசையில் தங்கி, குளிக்கும்போது எல்லோருமாகச் சேர்ந்து போவதே நல்லது. மலை ஏரியின் நீர் ஜூன் மாதத்திலும் கைகால்களை மரத்துப்போகச் செய்யும் என்பதை நீந்தத் தெரிந்தவர்களும் நினைவில் வைக்க வேண்டும்.

பல இடங்களில் கைப்பேசி பேசாது. எனவே கிளம்புமுன்பே, மருத்துவமனை உள்ள ஊர் எத்தனை மைல் என்று பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே தங்குகிறோம், என்றைக்குத் திரும்புகிறோம் என்பதை ஊரில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். நல்ல முகாம்களில் கோடை இடங்கள் ஒன்பது மாதம் முன்னதாகவே பதிவாகத் தொடங்கிவிடும். கடைசி வாரத்தில் விசாரிக்கிறவர்களுக்குக் கழிப்பறை வாசல்தான் கிடைக்கும்.

பலவீனர்களுக்குக் காடு பகை என்று எண்ணிவிட வேண்டாம். எட்வர்ட் ட்ரூடோ என்ற இளம் வைத்தியர் க்ஷயரோகத்தால் சாகப்போகிறோம் என்று எண்ணிக்கொண்டு 1873-ல் அடிராண்டாக் வந்தார். காட்டுக் காற்றில் உடல் தேறினார். சாரனாக் லேக் என்ற ஊரில் அவர் ஏற்படுத்திய சிகிச்சை நிலையத்தின் முதற் குடில் 1885-ல் திறக்கப்பட்டது. வெயிலும் காற்றும் படும் தாழ்வாரங்களில் நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். அந்த நிலையம் 1954-ல் மூடப்பட்டது. ஆனால் அத்தகைய தாழ்வாரங்கள் உள்ள வீடுகளை அவ்வூரில் இன்றும் பார்க்கலாம். ட்ரூடோ 1915 வரை உயிர் வாழ்ந்தார். இடம் தகுந்ததாயிருந்தால் நோஞ்சானையும் காடு தேற்றிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

எந்த மாதம்?

இடத்தைப் போலவே மாதமும் முக்கியம். மே மாத நடுவிலிருந்து ஜூன் முடிய "கறுப்பு ஈ"க்களின் ராஜ்யம். எள்ளளவுதான் இருக்கும், கடித்தால் ரத்தம் கசியும். சுத்தமான ஓடும் நீரில்தான் இந்த ஈ பிறந்து வளர்கிறது. ஆகையால் ஜூனில் போக நேர்ந்தால் சலசலவென்று ஓடும் ஓடைக்கு அருகே இடம் பிடிக்காதீர்கள். காற்று வீசும் ஏரிமுனையாகப் பாருங்கள். இரவில் இந்த ஈ கடிப்பதில்லை. அந்த வேலையைக் கொசுக்கள் ஏற்றுக்கொள்ளும்!

ஜூலையில் சூடும் உண்டு, கூட்டமும் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் பூச்சிகள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆனால் சில இரவுகளில் குளிர் 5 டிகிரி வரை இறங்கும். கோடை என்ற பெயரை நம்பிக் கம்பளியை விட்டுவிட்டுப் போகக்கூடாது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மலை முழுவதும் இலைகள் சிவப்பும் பொன்னுமாக மாறும். கண்ணுக்கு விருந்து, எலும்புக்குக் குளிர். வயதானவர்கள் அந்தச் சமயத்தில் பகலில் காட்டைப் பார்த்துவிட்டு இரவில் ஊருக்குள் தங்குவது உத்தமம்.

தரையைப் பாருங்கள், தலைக்கு மேலும் பாருங்கள்

இடத்துக்கு வந்து சேர்ந்தவுடன் கூடாரத்தை அவிழ்க்காதீர்கள். முதலில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். குளிர்ந்த காற்று ஜலத்தைப்போல் பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகவே பள்ளத்தில் குளிரும் பனியீரமும் அதிகம். பத்தடி உயரமான மேட்டில் படுத்தவர் சுகமாகத் தூங்குவார். தரை இறுகிக் கிண்ணம் போலிருந்தால், நடு இரவு மழையில் அதுவே குளமாகும். லேசான சரிவு நல்லது. தலைமாடு மேட்டில் இருக்கட்டும். மேற்குக் காற்றே அங்கே அதிகம் என்பதால், பெரிய ஏரிகளின் கிழக்குக் கரையில் அலையும் காற்றும் பலமாயிருக்கும். படகில் தீவுக்குப் போகிறவர்கள் காலையிலேயே கடந்துவிட வேண்டும். பிற்பகலில் காற்று எழும்பிவிடும்.

பிறகு தலையை நிமிர்த்திப் பாருங்கள். பட்டுப்போன மரமோ, தொங்கும் கிளையோ மேலே இருந்தால் அந்த இடம் எவ்வளவு அழகானாலும் வேண்டாம். அடிராண்டாக் காட்டில் பீச் என்னும் மரங்களுக்குப் பட்டை நோய் பரவி, நின்றபடியே செத்த மரங்கள் ஏராளம். 1995 ஜூலை 15-ந் தேதி விடியற்காலையில் திடீரென்று வீசிய சூறைக்காற்றில் லட்சக்கணக்கான ஏக்கரில் மரங்கள் சேதமடைந்தன. முகாமிட்டிருந்தவர்களில் சிலர் மரம் விழுந்து மாண்டார்கள். அத்தகைய புயல் தினமும் வருவதில்லை. ஆனால் பட்ட கிளை விழுவதற்குப் புயல் வேண்டியதில்லை.

கரடியார் விஷயம்

அங்கே உள்ளவை கறுங்கரடிகள். மனிதனைத் தின்ன வருவதில்லை. மனிதனுடைய பலகாரத்தைத் தின்ன வருகின்றன. நம் வீட்டு முறுக்கின் வாசனை கரடிக்கு வெகு தூரம் போய் எட்டும்! ஆகாரத்தையும் சோப்பு, பற்பசை முதலிய வாசனைப் பொருள்களையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. கார் முகாமில் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். உயர்ந்த சிகரங்கள் உள்ள கிழக்கு வனப்பகுதியில், ஏப்ரல் முதல் நவம்பர் வரை, கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் ஆகாரத்தை வைப்பது கட்டாயம். நெருப்பு மூட்டுவதற்கும் அங்கே அநுமதி இல்லை. ஒரு தடவை மனிதச் சோற்றின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும்; கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலைமை வந்துவிடும். அஜாக்கிரதை நம்முடையது, தண்டனை கரடிக்கு.

காட்டிலும் பலவீனர்கள் உண்டு

குடும்பத்தில் பலம் குறைந்தவரை வைத்து இடம் பார்க்க வேண்டும் என்றோம். அதே நியாயத்தைக் காட்டுக்கும் செய்ய வேண்டும். பாறையின்மேல் அரையடி மண்ணில் நிற்கும் மரங்களே அங்கே அதிகம். ஏரியின் விளிம்பில் நாலு குடும்பங்கள் மாறி மாறிக் கூடாரம் அடித்தால் புல் சாகும். வேர் வெளியே தெரியும். அடுத்த மழையில் கரை ஏரிக்குள் கரைந்துவிடும். 150 அடி என்ற விதி யாரையும் துன்புறுத்துவதற்காக ஏற்பட்டதல்ல. முன்பே பலர் தங்கிப் பழகிய, அடையாளமிட்ட இடத்தில் தங்குவதே காட்டுக்குக் குறைந்த சேதம்.

ஏரியில் இரவு நேரத்தில் ஊளையும் சிரிப்பும் கலந்தாற்போல் ஒரு குரல் கேட்கும். குழந்தைகள் பயந்துகொண்டால், அது லூன் என்னும் நீர்ப்பறவை என்று சொல்லுங்கள். அதன் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதால் தரையில் நடக்க வராது. ஆகவே நீரின் விளிம்பிலேயே கூடு கட்டுகிறது. மோட்டார் படகின் அலை ஒன்று போதும், முட்டைகளை அடித்துக்கொண்டு போக. கூடு இருக்கும் கரையை விட்டு விலகியிருங்கள். ஓர் ஏரியில் ஓட்டிய படகை நன்றாகக் கழுவி, வடித்து, உலர்த்திய பிறகே மறு ஏரியில் இறக்க வேண்டும். இல்லாவிடில் ஓர் ஏரியின் களை மற்றதற்குப் பரவிவிடும்.

விறகையும் ஊரிலிருந்து சுமந்து போகக்கூடாது. பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டு போவது அங்கே சட்ட விரோதம். விறகுக்குள் ஒளிந்திருக்கும் வண்டு ஒரு காட்டையே அழித்துவிடும் என்பதே காரணம். தணலை வெறுமே மண் போட்டு மூடினால் போதாது. அங்கே தரையே மக்கிய இலையும் வேரும். நெருப்பு உள்ளுக்குள் ஊர்ந்து சென்று மறுநாள் வேறிடத்தில் தலைகாட்டும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த பிறகே எழுந்திருக்க வேண்டும். 1903-லும் 1908-லும் லட்சக்கணக்கான ஏக்கர் எரிந்துபோன காடு அது. ரயில் எஞ்சினின் தீப்பொறியும், மரம் வெட்டியவர்கள் விட்டுச்சென்ற காய்ந்த கழிவுமே அன்று முக்கிய காரணமாயிருந்தன.

வெகு தூரத்திலிருந்துகூட ஓர் ஏரியைக் கொல்லலாம் என்பதற்கும் அடிராண்டாக் சாட்சி. மேற்கே பல நூறு மைலுக்கு அப்பால் நிலக்கரி எரித்த மின்சார நிலையங்களின் புகை, அமில மழையாக இந்த மலைகளில் இறங்கியது. 1984 முதல் 1987 வரை 1,469 ஏரிகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒன்றில் மீனே அகப்படவில்லை. ஜலம் பளிங்கு போலிருந்தது, உயிர்தான் இல்லை. 1990-ல் அமெரிக்க சர்க்கார் சட்டத்தைத் திருத்திப் புகையைக் கட்டுப்படுத்தினார்கள். அதன் பிறகு பல ஏரிகள் மெதுவாகத் தேறி வருகின்றன. எனவே தெளிந்த நீரைக் கண்டதும் சுத்தமென்று முடிவு கட்டாதீர்கள். குடிப்பதற்கும் அதே விதிதான்: கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கலாம், கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மழை பெய்தால்?

நாலு நாளில் ஒரு நாளாவது மழை பெய்யும் என்று எண்ணிக்கொண்டே இடம் பார்க்க வேண்டும். கூடாரத்துக்குள் குழந்தைகளை அடைத்து வைப்பது கரடியை அடைத்து வைப்பதைவிடச் சிரமம்! ஆகையால் ஏதாவது ஓர் ஊருக்கு அரைமணியில் போகக்கூடிய முகாமாயிருப்பது நல்லது. ப்ளூ மவுண்டன் லேக் ஊரில் 1957-ல் திறந்த காட்சிசாலையில் அக்காட்டு மக்களின் படகுகளையும் வாழ்க்கையையும் பார்க்கலாம். டப்பர் லேக் ஊரில் காட்டுப் பிராணிகளைப் பற்றிய காட்சிசாலை ஒன்று உண்டு.

1932-லும் 1980-லும் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த லேக் பிளாஸிட் ஊருக்கு அருகில், பெரியவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய சமாதி ஒன்று இருக்கிறது. கறுப்பு மக்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமானால் 250 டாலர் பெறுமானமுள்ள சொத்து வேண்டும் என்று நியூயார்க்கில் விதி இருந்த காலம் அது. ஜெரிட் ஸ்மித் என்ற செல்வர் 1846-ல் தம் நிலத்தைப் பங்கு போட்டு, சுமார் 3,000 கறுப்பு மக்களுக்கு இனாமாகக் கொடுக்க முன்வந்தார். அப்படிக் குடியேறியவர்களுக்குத் துணையாக இருப்பதற்காக அங்கே வந்து பண்ணை வைத்தவர்தான் ஜான் பிரௌன். அடிமைத்தனத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்தியதற்காக 1859 டிசம்பர் 2-ந் தேதி தூக்கிலிடப்பட்ட அவருடைய உடலை அந்தப் பண்ணையிலேயே அடக்கம் செய்தார்கள். நிலத்துக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பேரக் குழந்தைகளுக்குச் சொல்ல அதைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது.

புறப்படும்போது

முகாமை விட்டுக் கிளம்பும் காலையில் இடத்தை இன்னொரு தடவை சுற்றி வாருங்கள். முளைகளைப் பிடுங்கினோமா, சாம்பல் குளிர்ந்ததா, குழந்தைகள் போட்ட மிட்டாய்க் காகிதம் புதரில் கிடக்கிறதா என்று பாருங்கள். அன்று பிற்பகல் வேறொரு குடும்பம் அதே இடத்துக்கு வந்து சேரும். அவர்களுடைய பாஷை வேறாயிருக்கலாம், நிறம் வேறாயிருக்கலாம், உரிமை ஒன்றுதான்.

கோடரியை நிறுத்துவதற்கு அந்த ராஜ்யத்து ஜனங்கள் ஒரு சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டம் எழுதப்பட்டது காகிதத்தில். ஆனால் காட்டைக் காப்பாற்றுவது காகிதம் மாத்திரம் அல்ல. ஒவ்வொரு கோடையிலும் அங்கே வந்து, தகுந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போகும் சாதாரணக் குடும்பங்களும்தான்.